தத்து ஆணைக்காகக் காத்திருக்கும்போது இல்லத்துக் குழந்தைகளோடு எப்படிப் பழகுவது?

நித்திலம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்காவில் இருக்கும் ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளி) தம்பதி. காரா (தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பு) வழியாக மூன்றரை வயதுப் பையன் ஒருவனை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பையன் இருப்பது மகாராஷ்டிராவில். ஊர்ப் பெயரும் இல்லத்தின் பெயரும் வேண்டாம். ஏற்பதற்கு முன் குழந்தையை நேரில் பார்க்கலாம் என்று விதியிலேயே இருப்பதால் இருவருமே வந்தோம். கணவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். எனக்கு வீட்டிலிருந்தே வேலை, அதுவும் அமெரிக்க நேரத்துக்கு. அதனால் இல்லத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டேன். இரவில் வேலை, காலையில் தூக்கம், மாலையில் பையன்.

இப்போது அமெரிக்கத் தூதரகத்தின் 5ஆம் பிரிவுக் கடிதத்துக்காக (வெளிநாட்டுத் தத்துக்கான ஹேக் உடன்படிக்கைப்படி அவர்கள் தரும் சம்மதம்) காத்திருக்கிறோம். அது வந்தால்தான் காராவின் தடையில்லாச் சான்று. அப்புறம் கலெக்டர் ஆணை, பாஸ்போர்ட், விசா. எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தினமும் நாலு மணிக்குக் குழந்தைகள் பால் குடித்து முடித்ததும் உள்ளே போகலாம், இரவுச் சாப்பாடு வரை இருக்கலாம் என்று இல்லத்தில் அனுமதித்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் இப்படி விடமாட்டார்கள் என்று தெரியும்.

சிக்கல் இதுதான். கூடத்தில் நான் தரையில் உட்கார்ந்ததும் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் மேலே வந்து விழுகிறார்கள். ஒருத்தி மடியில், ஒருவன் முதுகில், இன்னொருவன் என் கண்ணாடியைக் கழற்றுகிறான். என் பையன் மட்டும் வருவதில்லை. வாசல் கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்கிறான். நடுநடுவே திரும்பி, இப்போது யார் என் மடியில் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறான். இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி என் துப்பட்டா நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு, நான் எங்கே போனாலும் கூடவே வருகிறாள். என்னை 'ஆயி' என்கிறாள், அம்மா என்று.

மற்றவர்களை விலக்கிவிட்டு இவனிடம் மட்டும் போகலாமா? அதற்கு மனசு வரவில்லை. எல்லோரோடும் விளையாடினால், வந்து போகும் விருந்தாளிகளில் நானும் ஒருத்தி என்று இவன் நினைத்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. கிளம்பும்போது சொல்லிக்கொண்டு கிளம்புவதா, கண்ணில் படாமல் நழுவுவதா? எனக்கு மராத்தி அரைகுறை. அவனுக்கு அண்ணப் பிளவு ஆபரேஷன் ஆகியிருப்பதால் பேச்சு இன்னும் தெளியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஆனைமலை எழுதியது:

முதலில் வாழ்த்துகள் நித்திலம். எங்கள் மகள் ஒடிசாவிலிருந்து வந்தவள். வந்தபோது ஒடியா மட்டும்தான் தெரியும். இப்போது என் மாமியாரோடு கோயம்புத்தூர்த் தமிழில் சண்டை போடுகிறாள்.

ஒரு நடைமுறை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிவதில்லை. தடையில்லாச் சான்று வந்த பிறகு, கலெக்டர் ஆணை வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து, தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு என்ற பெயரில் குழந்தையை உங்களோடு அழைத்துக்கொள்ளலாம். இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இல்லத்தாரிடமும் உங்கள் ஏஜென்சியிடமும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முன்பு கோர்ட்டில் கிடந்த வேலை 2021 திருத்தத்தால் கலெக்டரிடம் போயிருக்கிறது. 2022 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த இரண்டு மாதத்தை அவன் உங்கள் அறையில் கழிக்கலாம்.

கிட்ட வராத குழந்தையைப் பற்றி. எங்கள் மகளும் முதலில் வரவில்லை. இல்லத்தின் வாசலில் எல்லாக் குழந்தைகளின் செருப்புகளும் கலைந்து கிடக்கும். அவள் போய் உட்கார்ந்து ஜோடி சேர்த்துக்கொண்டே இருப்பாள். பாப்பா செருப்பு, பெரிய பையன் செருப்பு, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நான் கூடத்துக்குள் போவதை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்து, ஒற்றைச் செருப்பாகப் பொறுக்கி எடுத்து நீட்ட ஆரம்பித்தேன். வாங்கிக்கொள்வாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஒருநாள் தப்பான ஜோடியை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அதற்கு மறுநாளிலிருந்து எனக்காக வாசலில் காத்திருந்தாள்.

உங்கள் பையன் கேட்டில் நிற்கிறான் என்றால் நீங்களும் கேட்டில் போய் நில்லுங்கள். அவனை உள்ளே கூப்பிடாதீர்கள்.


கரிசல் எழுதியது:

கொஞ்சம் கடுமையாக எழுதுகிறேன், மன்னிக்கவும். விஷயம் குழந்தைகளுடையது என்பதால்.

//எல்லோரோடும் விளையாடினால்//

தயவுசெய்து வேண்டாம். முன்பின் தெரியாதவர் மடியில் ஓடி வந்து ஏறுவதைப் பாசம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் வளரும் இரண்டு வயதுக் குழந்தை புது ஆளைக் கண்டால் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளியும். இல்லத்துக் குழந்தைக்கு ஒளிய ஆள் இல்லை. யாராவது நிரந்தரமாக இருப்பார்களா என்று வருகிறவர் எல்லோரிடமும் கையை நீட்டிப் பார்க்கிறது.

ருமேனியாவில் 1989-ல் ஆட்சி கவிழ்ந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் இருந்தார்கள். பிற்பாடு புகாரெஸ்டில் 136 குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள், மற்றவர்கள் வழக்கமான பராமரிப்பில் இருந்தார்கள். ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகள்தான் பாசப் பிணைப்பிலும் அறிவு வளர்ச்சியிலும் நன்றாகத் தேறினார்கள். சோறும் துணியும் கிடைத்தும் நிலையான ஓர் ஆள் கிடைக்காததுதான் அவர்களைப் பாதித்தது. மாதத்துக்கு ஒருமுறை பிறந்தநாள் கேக்கோடு வருகிறவர்கள் அந்தப் பள்ளத்தை இன்னும் தோண்டிவிட்டுப் போகிறார்கள்.

கம்போடியாவில் இது தொழிலாகவே ஆனது. வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் பார்க்க வருகிறார்கள் என்பதற்காகவே, பெற்றோர் இருக்கும் பிள்ளைகளைக் கொண்டுவந்து இல்லங்களை நிரப்பினார்கள். 'குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல' என்று 2011-ல் அங்கே பிரசாரமே நடத்த வேண்டியிருந்தது.

நித்திலம் அந்த ரகம் இல்லை, தெரியும். அவர் ஒரு குழந்தைக்காகத் தங்கியிருக்கிறார். ஆனால் அந்தத் துப்பட்டாச் சிறுமிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நீங்கள் பையனோடு விமானம் ஏறும் நாளில் அவள் யாருடைய துப்பட்டாவைப் பிடிப்பாள்? தனி அறை கேளுங்கள். பையனை அங்கே கொண்டுவரச் சொல்லுங்கள். கூடத்துக்குள் போகாதீர்கள்.


செவிலி_திண்டுக்கல் எழுதியது:

நான் ஒரு தத்து மையத்தில் நர்ஸாகப் பல வருடம் இருந்தவள். 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் (வேண்டாத பெண் சிசுவை அரசுத் தொட்டிலில் விடலாம் என்பது) தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கத்து மையங்கள் எப்படி நிரம்பின என்று பார்த்தவர்கள் என் சீனியர்கள். அவர்களிடம் கற்றதையும் நான் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கரிசல் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தனி அறை யோசனையை எடுத்த எடுப்பில் செய்யாதீர்கள். கூடம்தான் அவனுக்கு வீடு. வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போய் ஒரு ஆபீஸ் அறையில் தெரியாத பெண்ணோடு உட்கார வைத்தால் அவனுக்கு என்ன ஞாபகம் வரும்? ஆஸ்பத்திரி. அதுவும் ஆபரேஷன் ஆன பிள்ளை. வெள்ளைச் சுவர், மூடிய கதவு, முகம் தெரியாத பெரியவர்கள். பயந்துவிடுவான்.

பையனுக்கு யார் மேல் பிடிப்பு என்று முதலில் கண்டுபிடியுங்கள். எல்லா இல்லத்திலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஆயா இருப்பார். ரெஜிஸ்டரில் எழுதியிருக்காது. தூங்கும்போது யாரைத் தேடுகிறான், விழுந்தால் யாரிடம் ஓடுகிறான், அவன் பேச்சு யாருக்குப் புரிகிறது என்று பாருங்கள். அவரோடு சிநேகம் பிடியுங்கள். அவர் துணி மடிக்கும்போது நீங்களும் மடியுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தால் நீங்களும் வையுங்கள். தன் ஆயாவுக்கு வேண்டிய ஆள் என்று அவன் கண்ணால் பார்க்க வேண்டும். நீங்கள் நேரடியாகப் பத்து நாள் கொஞ்சுவதை விட இது பலிக்கும்.

அந்த ஆயாவின் முன்னால் "என் பிள்ளை, என் பிள்ளை" என்று இழுத்துக் கட்டிக்கொள்ளாதீர்கள். எங்கள் மையத்தில் ஒரு ஆயா, குழந்தை புறப்படும் நாளில் மட்டும் லீவு போட்டுவிடுவார். முதல் மூன்று தடவை நாங்கள் கோபப்பட்டோம். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

சாப்பாடு: முதலில் ஊட்ட வேண்டாம். ஆயா ஊட்டும்போது பக்கத்தில் தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டு உட்காருங்கள். கொஞ்ச நாளில் அவரே தட்டை உங்கள் கையில் கொடுப்பார். குளிப்பாட்டுவது, கழிவறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் இல்லத்தார் சொன்னால் மட்டும்.

மிட்டாய், பொம்மை கொண்டு போவதானால் எல்லோருக்கும் கொண்டு போங்கள், இல்லத்துப் பொறுப்பாளர் மேடம் கையில் கொடுத்துவிடுங்கள். உங்கள் கையால் இவனுக்கு மட்டும் கொடுத்தால் ராத்திரி அதைப் பிடுங்க நாலு பேர் வருவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள்.

கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அழுதால் அழட்டும். நழுவினால் மறுநாள் விளையாட்டில் மனசு ஒட்டாது, உங்களைக் காவல் காத்துக்கொண்டே இருப்பான். தினமும் ஒரே மாதிரி கிளம்புங்கள், ஒரே வார்த்தை, ஒரே இடம்.

துப்பட்டாப் பாப்பாவைப் பற்றி மேடத்திடம் இன்றைக்கே பேசுங்கள். நீங்கள் வரும் நேரத்தில் ஓர் ஆயா அவளைத் தூக்கிக்கொள்ளட்டும். நீங்கள் தள்ளிவிட வேண்டாம், 'ஆயி' என்றால் திருத்தவும் வேண்டாம். ஆனால் மடியில் வைத்துத் தூங்க வைக்காதீர்கள். அந்த இடம் அவளுக்கு வரப்போகிற அம்மாவுக்கு.

இன்னொன்று. இந்தப் பையனைப் பார்க்க உங்களுக்கு முன்னால் யாராவது வந்திருந்தார்களா என்று கேளுங்கள். பொதுவாக, சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்ட குழந்தையை 60 நாளுக்குள் இங்கே உள்ளவர்களோ என்.ஆர்.ஐ.களோ ஏற்காவிட்டால்தான் ஓ.சி.ஐ., வெளிநாட்டவர் பக்கம் வரும். அதற்குள் யாராவது நேரில் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போயிருக்கலாம். கிட்ட வராத பிள்ளைக்குப் பல சமயம் அதுதான் காரணம்.


கீதா_எம் எழுதியது:

படிக்கும்போதே கண் கலங்குகிறது. குட்டிப் பையன் போட்டோ ஒன்று போடுங்களேன் நித்திலம்! முகம் பார்க்க ஆசை.


மட்டுறுத்துநர்:

கீதா, உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் இந்த இழையில் எந்தக் குழந்தையின் படமும், பெயரும், இல்லத்தின் அடையாளமும் வரக்கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-ன்படி பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதுகுப்புறம் தெரியும் படமும், பின்னால் மற்றக் குழந்தைகள் இருக்கும் படமும் வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பாமல் இருப்பது நல்லது. அங்கிருந்து எங்கே போகும் என்று நம் கையில் இல்லை.


நித்திலம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செவிலி அக்கா, நீங்கள் எழுதியதை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

//உங்களுக்கு முன்னால் யாராவது வந்திருந்தார்களா//

கேட்டேன். வந்திருக்கிறார்கள். ஒரு தம்பதி வந்து, ஒரு பிற்பகல் முழுக்க இவனோடு மட்டும் விளையாடி, ஒரு சிவப்புப் பந்து கொடுத்துவிட்டுப் போனார்களாம். அப்புறம் வரவில்லை. பந்து இன்னும் இல்லத்தில் இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் உதைக்கிறார்கள், இவன் தொடுவதில்லை என்று மாவ்ஷி சொன்னார். (இங்கே ஆயாக்களை மாவ்ஷி என்றுதான் கூப்பிடுகிறார்கள், சித்தி மாதிரி.) அதைக் கேட்ட பிறகு கூடத்தின் நடுவில் போய் உட்கார எனக்கே பிடிக்கவில்லை.

ஆனைமலை சொன்னபடி கேட்டுக்குப் போனேன். பேசவில்லை, அவனுக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவில் என்னதான் இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். எதிரே சைக்கிள் கடை, அதற்கு அப்பால் வளைவு. வளைவில் ஆட்டோ திரும்புவதற்குள் இவன் சத்தத்தை வைத்தே ஆட்டோ வந்தாச்சு என்று மராத்தியில் சொல்லிவிடுகிறான், "ரிக்‌ஷா ஆலீ" என்று. அவன் வாயில் 'க்ஷா' வராது, மூக்கால் ஒரு காற்று வரும். ஆனாலும் ஒருமுறைகூடத் தப்பவில்லை. பால் வண்டிக்கும் டெம்போவுக்கும் வித்தியாசம் தெரிகிறது. நான் ஒருமுறை முந்திக்கொண்டு "ரிக்‌ஷா ஆலீ" என்றேன். வந்தது மோட்டார் சைக்கிள். என்னை ஏறிட்டுப் பார்த்து, தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு மறுபடி தெருவைப் பார்க்கத் திரும்பினான். இப்போது மாலை முழுக்க எங்களுக்கு இதுதான் வேலை.

மேடத்திடமும் பேசினேன். நான் வரும் நேரத்துக்குச் சிறுமியை இளைய மாவ்ஷி எடுத்துக்கொள்கிறார். முதலிரண்டு நாள் அழுதாள். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே கேட்டில் நிற்பது எளிதாக இல்லை.


வதனி_பேர்ண் எழுதியது:

வணக்கம் நித்திலம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து சுவிஸில் இருக்கிறன். இங்கே எனக்குத் தெரிந்த சிலர் 80-களில் இலங்கையில் இருந்து தத்தாக வந்தவை. இப்ப நாற்பது வயது தாண்டிவிட்டது. விடுமுறைக்குக் கொழும்புக்கும் கண்டிக்கும் போய் ஆஸ்பத்திரிப் பதிவுகளைத் தேடுகினம். கிடைக்கிற காகிதத்தில் இருக்கிற தாயின் பெயரே பொய்யாக இருக்கிறது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குக் குழந்தைகளை அனுப்புவது காசு பார்க்கிற தொழிலாக நடந்தது என்று பிறகு வெளிச்சத்துக்கு வந்தது. நெதர்லாந்து 2021-ல் வெளிநாட்டுத் தத்தையே இடைநிறுத்தியது. சுவிஸ் அரசாங்கம் 2020-ல் தன் பிழைக்கு வருத்தம் தெரிவித்தது, 2025 தொடக்கத்தில் வெளிநாட்டுத் தத்துக்குத் தடை கொண்டுவரப் போவதாக அறிவித்தது.

உங்களைப் பயப்படுத்த எழுதவில்லை. இந்தியாவில் 1984-ல் உச்ச நீதிமன்றம் லக்ஷ்மிகாந்த் பாண்டே வழக்கில் வெளிநாட்டுத் தத்துக்கு விதி வகுத்து, பிறகு காரா வந்து, ஹேக் உடன்படிக்கையும் வந்து ஒரு ஒழுங்கு இருக்கிறது. அப்படியிருந்தும் சென்னைக் குடிசைப் பகுதிகளில் கடத்தின பிள்ளைகளை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுத்த கதை 2005-ல் வெளியில் வந்ததுதானே.

நான் சொல்ல வந்தது வேறு. உங்களுக்கு அந்த வீட்டுக்குள்ள இருக்கக் கிடைத்த நேரம் பெரிய விஷயம். பிள்ளை பதினைந்து வயதில் கேட்கப்போகிற கேள்விகளுக்குப் பதில் இப்ப அந்த மாவ்ஷிமாருக்குத் தெரியும். இவனுக்குப் பெயர் வைத்தது யார்? வந்த அன்று என்ன உடுப்புப் போட்டிருந்தான், அது இன்னும் இருக்கிறதா? முதல் பல் எப்ப வந்தது? ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தது யார்? ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கோ, சொன்னவரின் பெயரோடு. அவை வேலையை விட்டுப் போனால் அந்தக் கதையும் போய்விடும். சட்டப்படி தரக்கூடாத விவரத்தைத் துருவ வேண்டாம். தரக்கூடியதே நிறைய இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளையிடம் இலங்கையில் இருந்து வந்த ஒரே பொருள் ஒரு சின்னச் சட்டை. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறா.


தஞ்சை_டீச்சர் எழுதியது:

பால்வாடியில் ஆயுசைக் கழித்தவள் நான். மொழி தெரியாத பிள்ளையோடு விளையாட நம்மிடம் என்னென்னவோ இருக்கிறதே! பருப்புக் கடையுங்கள். உள்ளங்கையில் முழங்கையால் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் பங்கு வைத்து, கடைசியில் "நண்டூருது நரியூருது" என்று அக்குள் வரை விரலை நடத்திக் கிச்சுகிச்சு மூட்டினால் எந்த ஊர்ப் பிள்ளையும் சிரிக்கும். ஒரு எச்சரிக்கை. "அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம்" என்று பங்கு வைப்பதை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். சுற்றி இருக்கிற மற்ற பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "மாவ்ஷிக்குக் கொஞ்சம், காக்காவுக்குக் கொஞ்சம், பால் வண்டிக்குக் கொஞ்சம்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கக் காரணம், ஒரு நேரத்தில் ஒரு கைதான் பிடிக்க முடியும். அவன் கையை எடுத்துக்கொள்ளும்வரை நீங்கள் விடாதீர்கள். போதும் என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

 மெழுகுவத்தி ஊதுவது, சோப்பு நுரை ஊதுவது எல்லாம் விளையாட்டுக்குச் சரி, அண்ணம் தைத்த பிள்ளையின் பேச்சை அது தெளிய வைக்காது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.


தோகை எழுதியது:

நான் நித்திலம் மாதிரி அதிர்ஷ்டக்காரி இல்லை. நாங்கள் ஆஸ்திரேலியாவில். எங்கள் மகள் (இன்னும் ஆணை வரவில்லை, ஆனால் எனக்கு அவள் மகள்தான்) தமிழ்நாட்டில் ஓர் இல்லத்தில் இருக்கிறாள், ஏழு வயது. ஐந்து வயதுக்கு மேல் என்பதால் அவளுடைய சம்மதமும் கேட்டார்கள், சரி என்று சொல்லியிருக்கிறாள். வாரத்துக்கு ஒரு வீடியோ கால். மொழிப் பிரச்சினை இல்லை. பிரச்சினை கேள்விதான். "எப்ப வருவீங்க?" ஒவ்வொரு வாரமும் இதே கேள்வி. போன வாரம் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.


செவிலி_திண்டுக்கல் எழுதியது:

தோகை, தேதி மட்டும் சொல்லிவிடாதீர்கள். தீபாவளிக்கு வந்துவிடுவோம், பொங்கலுக்கு வந்துவிடுவோம் என்று எதுவும் வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளை காலண்டர் பார்க்கும், இல்லத்தில் எல்லோரிடமும் சொல்லும், அந்த நாள் தாண்டினால் மற்றப் பிள்ளைகள் கிண்டல் செய்யும்.

உண்மையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். "டெல்லியிலிருந்து ஒரு காகிதம் வரணும், அப்புறம் கலெக்டர் கையெழுத்துப் போடணும், அப்புறம் உனக்குப் பாஸ்போர்ட் எடுக்கணும், அப்புறம் நாங்கள் வந்து கூட்டிப்போவோம்." நாலு கட்டம் வரைந்து இல்லத்தாருக்கு அனுப்பி அவள் படுக்கைக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்று முடிந்ததும் அவளே டிக் போடட்டும்.

கேட்பதை நிறுத்தினால் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். "நீ கேட்கல, ஆனா நான் சொல்றேன், இந்த வாரமும் காகிதம் வரல, நான் தினமும் பார்க்கிறேன்" என்று. ஏமாந்து பழகிய பிள்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்பதை நிறுத்தும். நீங்கள் கூப்பிடுவதாகச் சொன்ன நேரத்தை மட்டும் ஒருபோதும் தவறவிடாதீர்கள். பத்து நிமிடம் பேசினாலும் அதே கிழமை, அதே மணி.


கரிசல் எழுதியது:

செவிலி சொன்னதை ஏற்கிறேன், தனி அறை பற்றி. கேட்டில் நிற்பது என் யோசனையை விட நல்ல யோசனை.

ஆனால் மற்றக் குழந்தைகள் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள், வறுமையால் விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நம் மாலை நேரத்தை விட, வீட்டிலேயே வைத்துக்கொள்ள வழி கிடைப்பதுதான் உதவி. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் அப்படி ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் வரை ஆதரவுத் தொகை இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? இல்லத்துக்குப் போய்ப் பிரியாணி போடுவதற்கு ஆகும் செலவில், தெரிந்த விதவைத் தாய் ஒருத்திக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கப் பஸ் ஏறலாம்.

நித்திலம், நீங்கள் ஊருக்குப் போன பிறகு அந்த இல்லத்துக்கு ஏதாவது செய்ய நினைத்தால், இன்னொரு மாவ்ஷியின் சம்பளத்துக்கு வழி பாருங்கள். பத்துக் குழந்தைக்கு ஒருவர் என்பது ஏழுக்கு ஒருவர் என்று ஆனாலே துப்பட்டா பிடிக்கிற தேவை குறையும்.


ஆனைமலை எழுதியது:

கரிசலின் கடைசிப் பத்திக்கு ஒரு கும்பிடு.

ஹைட்டி, கஜகஸ்தான் மாதிரி நாடுகளில் தத்தெடுப்பவர் அங்கேயே இரண்டு வாரமாவது தங்கிக் குழந்தையோடு பழக வேண்டும் என்று விதியே வைத்தார்கள். குவாத்தமாலா 2008-ல் கதவை மூடும் வரை, அமெரிக்கத் தாய்மார்கள் பலர் ஆண்டிகுவா நகரில் வீடு எடுத்துக் குழந்தையைத் தங்களோடு வைத்துக்கொண்டு ஆணைக்காகக் காத்திருந்தார்கள். நம் விதியில் அப்படிக் கட்டாயம் இல்லை, இல்லத்தார் மனது வைக்க வேண்டும். ஏஜென்சிக்காரர்கள் இதை முன்கூட்டியே கேட்டு வாங்கித் தந்தால் எவ்வளவோ நல்லது. பல பேர் பாஸ்போர்ட் தயாரானதும் வந்து, மூன்றாம் நாள் குழந்தையோடு விமானத்தில் இருக்கிறார்கள். குழந்தை பதினாறு மணி நேரம் அழுகிறது, இவர்கள் திகைத்துப் போகிறார்கள்.


நித்திலம் எழுதியது:

தடையில்லாச் சான்று வந்துவிட்டது! உறுதிமொழிப் பத்திரமும் கொடுத்தாகிவிட்டது. கலெக்டர் ஆணை வரும்வரை வளர்ப்புப் பராமரிப்பில் அனுப்பச் சம்மதித்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை கூட்டிப்போகலாம். கணவர் ஞாயிறு வந்து சேர்கிறார்.

அவனுடைய மாவ்ஷி (அவன் பேச்சு முழுக்கப் புரிவது அவர் ஒருவருக்குத்தான்) திங்கட்கிழமை எங்களோடு அறைக்கு வந்து சாயங்காலம் வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். வதனி அக்கா சொன்ன நோட்டில் பாதிக்கு மேல் அவர் சொன்னதுதான். பையன் வந்த அன்று மழை, யாரோ ஒரு போலீஸ்காரரின் ரெயின்கோட்டில் சுற்றி வந்தானாம். இது எந்தக் காகிதத்திலும் இல்லை.

சிறுமியின் கோப்பு இப்போதுதான் குழந்தைகள் நலக் குழுவின் முன் போயிருக்கிறது, தத்துக்கு விடுவிப்பு இன்னும் ஆகவில்லை. இளைய மாவ்ஷியின் இடுப்பில்தான் இப்போது முழு நேரமும். நான் கடந்து போனால் பார்க்கிறாள், வருவதில்லை. அதுதான் சரி என்று தெரிகிறது. வருத்தமாகவும் இருக்கிறது.

திங்கட்கிழமைக்கு என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்? ஆணை வந்ததும் ஒரே ஓட்டமாக இருக்கும், மறுபடி இல்லத்துக்குப் போக நேரம் இருக்குமா தெரியவில்லை.


செவிலி_திண்டுக்கல் எழுதியது:

ரொம்ப சந்தோஷம்மா.

தடுப்பூசி அட்டை அசல், நகல் இரண்டும் வாங்குங்கள். அண்ணப் பிளவு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி கட்டாயம் வேண்டும், எந்தத் தேதியில் என்ன தைத்தார்கள் என்று அங்கே உள்ள டாக்டர் முதல் நாளே கேட்பார். காதில் சீழ் வந்த வரலாறு உண்டா என்று கேளுங்கள், இந்தப் பிள்ளைகளுக்குக் காது அடிக்கடி தொந்தரவு தரும். எடை அட்டவணை, எந்த மருந்துக்காவது ஒவ்வாமை இருந்ததா, காய்ச்சலுக்கு எந்த சிரப் எத்தனை மில்லி கொடுத்தார்கள்.

அவன் படுத்த விரிப்பைத் துவைக்காமல் கேட்டு வாங்குங்கள். இல்லத்தில் என்ன சோப்போ அதே சோப்பு, அதே எண்ணெய். முடி வெட்ட வேண்டாம், புதுச் சட்டை அடுக்க வேண்டாம், சொந்தக்காரர்களைக் கூப்பிட வேண்டாம். விளக்கை முழுக்க அணைக்காதீர்கள். கூடத்தில் இருபது பிள்ளைகளின் மூச்சுச் சத்தத்தில் தூங்கியவன், அமைதியில் தூக்கம் வராது. ஃபேன் சத்தமாவது இருக்கட்டும். முதல் வாரம் இல்லத்தில் என்ன மணிக்கு என்ன சாப்பிட்டானோ அதுவே.


நித்திலம் எழுதியது:

டிஸ்சார்ஜ் சம்மரிக்கு இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். காது பற்றிக் கேட்டேன், போன மழைக்காலத்தில் ஒருமுறை வந்திருக்கிறதாம், மருந்துச் சீட்டு தேடித் தருகிறார்கள். இரவில் இங்கே வரண் பாத், நம் பருப்புச் சாதம் மாதிரிதான், ஆனால் புளியும் காரமும் கிடையாது, மேலே நெய். என் அறையில் இண்டக்‌ஷன் அடுப்பும் மூன்று லிட்டர் குக்கரும்தான் இருக்கிறது. துவரம்பருப்பு நன்றாகக் குழைய எத்தனை விசில் விடட்டும்?


தஞ்சை_டீச்சர் எழுதியது:

அரை மணி ஊற வைத்து, துளி மஞ்சள் தூளும் பெருங்காயமும் போட்டு, ஐந்து விசில். இண்டக்‌ஷனில் சூட்டைக் குறைத்து வைத்தால் பொங்காது. மத்தால் நன்றாக மசித்துவிடுங்கள், அண்ணம் தைத்த வாய்க்கு முழுப் பருப்பு சிக்கக்கூடாது.